போர்வை இல்லாத மாதம்

ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவளுக்குப் போர்வை அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவேதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் எடுத்துப் புழங்கவில்லை.

பெயர் சும்மா வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பல வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு ஆராய்ச்சிப் பக்கம் வந்தவள் அவள். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களைத் தொட்டுத் தூக்கிய கை அவளுடையது. அவர்கள் உடம்பு எப்படிச் சில்லிட்டிருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். ரத்தம் போனவர், ஈரச் சட்டையோடு தெருவில் கிடந்தவர், வெயில் நாளில்கூடக் குளிர்ந்துதான் வந்து சேருவார். குளிர்ந்த உடம்பில் ரத்தம் சரியாக உறையாது. உறையாவிட்டால் இன்னும் போகும். இன்னும் போனால் இன்னும் குளிரும். ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு இரண்டும் பள்ளத்தில் இறங்கும்.

இது டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் முன்பே, வண்டிக்குள்ளேயே அந்தச் சூட்டைப் பிடித்து வைக்க முடியுமா என்பதுதான் தெரியாது. அதற்கென்று ஒரு போர்வை வந்திருந்தது. உறையைக் கிழித்தால் காற்றுப் பட்டுத் தானாகச் சூடாகும் பொட்டலங்களை உள்ளே வைத்துத் தைத்தது. பார்க்க வெள்ளி மாதிரி மினுமினுக்கும். விலையும் கிட்டத்தட்ட வெள்ளி விலை. அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு.

ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மாதம் போர்வை உண்டு, ஒரு மாதம் கிடையாது. எந்த வண்டிக்கு எந்த மாதம் என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிச் சொல்லும். போர்வை இல்லாத மாதத்தில் வழக்கம்போல் வேலை பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் காதில் தெர்மாமீட்டர் வைத்து உடம்புச் சூட்டைக் குறிப்பார்கள். இரண்டு மாதத்து ஆட்களையும் ஒப்பிட்டால் போர்வையின் வண்டவாளம் தெரிந்துவிடும்.

தொடங்கும் முன் அவள் நிலையம் நிலையமாகப் போய் எல்லோருக்கும் வகுப்பு எடுத்தாள். வகுப்பு என்றால் படம் காட்டி, தூக்கம் வரவழைத்து, டீ கொடுத்து அனுப்புகிற வகுப்பு அல்ல. பொறுமை என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவர் ஒருவர் இருந்தார். வழிவிடாத வண்டிகளைப் பார்த்து, “பொறுமை, பொறுமை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டுவதால் வந்த பெயர். அவர் சட்டையை நனைத்து, அவரைச் சிமென்ட் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே ஃபேனைச் சுழலவிட்டாள்.

“எப்படிண்ணே இருக்கு?”

“அடிபட்டவன் அடியில சாகமாட்டான்க்கா. இதுல செத்துருவான்.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தாங்களும் படுத்துப் பார்த்தார்கள். அன்று ஒருவர் முகத்திலும் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. நல்ல வகுப்பு என்று அவளுக்கே உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த ஆய்வில்தான் ஒரு நாள், ஆய்வை மேற்பார்வை பார்த்த பெரிய டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

“உட்காருங்க.”

“இருக்கட்டும் டாக்டர், நிக்கறேன்.”

“நான் உட்காரச் சொன்னா நல்ல சேதி இல்லன்னு அர்த்தம். இத்தனை வருஷம் கூட வேலை பாக்கறீங்க, தெரியாதா?”

அவள் உட்கார்ந்தாள். அவர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். இரண்டு கோடுகள். ஒன்று போர்வை உள்ள மாதங்கள், மற்றது இல்லாத மாதங்கள். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒட்டி உரசிக்கொண்டு போயின.

“பாதி வழியில ஒரு தடவை பாக்கணும்னு முதல்லயே ஒத்துக்கிட்டோம். பாத்தாச்சு. போட்டாலும் ஒண்ணுதான், போடலைன்னாலும் ஒண்ணுதான். அடுத்த வாரம் ஆய்வுக் குழு கூடுது. நிறுத்திடலாம்னு சொல்லுவாங்க. நானும் அதத்தான் சொல்லப் போறேன்.”

“ஒரு வித்தியாசமும் இல்லையா டாக்டர்?”

“இருந்தா காட்டமாட்டேனா? எனக்கு மட்டும் என்ன, போர்வை மேல பகையா?”

போர்வை போனால் போகட்டும், அதற்கும் அவளுக்கும் என்ன சொந்தமா பந்தமா? ஆனால் ‘பலன் இல்லை’ என்று ஒரு தடவை அச்சில் ஏறிவிட்டால், வண்டிக்குள் சூடு முக்கியமில்லை என்றுதான் படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பிறகு யாராவது குளிரைப் பற்றி வாயைத் திறந்தால், “அதெல்லாம் பார்த்து முடித்தாயிற்று” என்று கதவைச் சாத்திவிடுவார்கள். சில்லிட்ட உடம்புகள் சில்லிட்டபடியே வந்துகொண்டிருக்கும்.

அன்றைக்கே தெர்மாமீட்டர்களை எல்லாம் வரவழைத்துச் சோதித்தாள். எல்லாம் ஒரே பேச்சாகப் பேசின. போர்வையைப் போடாமலேயே போட்டதாகச் சொல்கிறார்களோ என்று கிழித்த உறைகளைச் சரிபார்த்தாள். அதிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இனி வண்டியிலேயே ஏறிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

அதில் ஒரு சங்கடம். பொறுமை ஓட்டும் வண்டியில் மருத்துவ உதவியாளராக இருந்தவள் அவளுடைய நாத்தனார். வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. சேதியைச் சொன்னதும் சின்னவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“வேவு பாக்க வர்றீங்களா அண்ணி?”

“சீ. ஏன் இப்படி ஆகுதுன்னு பாக்க வர்றேன்.”

“அதத்தான் நாகரிகமா வேவுன்னு சொல்லுவாங்க.”

“உன் வண்டில வந்தா உனக்குக் கஷ்டமா இருந்தா, வேற வண்டில போறேன்.”

“எதுக்கு? ஊரார் வண்டில ஏறி என் மானத்த வாங்கறதுக்கா? நம்ம வண்டிலயே வாங்க. ஆனா ஒண்ணு. வேலை நடக்கும்போது குறுக்க பேசக் கூடாது. வீட்டுல அண்ணி, வண்டில நீங்க ஒரு மூட்டை.”

“சரிங்க மேடம்,” என்றாள் இவள்.

மறுநாள் காலையிலிருந்தே தூறல். அந்த வண்டிக்கு அது போர்வை இல்லாத மாதம். வெள்ளிப் போர்வைகள் பின் அலமாரியில் சீல் உடையாமல் அடுக்கியிருந்தன. மூட்டைக்கு மூலையில் மடக்கு நாற்காலி கிடைத்தது. முதலில் ஒரு தலைசுற்றல், பிறகு ஒரு பிரசவ வலி. மத்தியானத்துக்கு முன் மூன்றாவது அழைப்பு வந்தது. மாடிச் சுவருக்கு வெளியே சாரத்தில் நின்று பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்த பெயின்டர் விழுந்துவிட்டார்.

ஈர மண்ணில் கிடந்தார் மனிதர். தொடை எலும்பு முறிந்திருந்தது. வயிற்றிலும் அடி. சின்னவள் மண்டியிட்டாள். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைக்க நாலு தடவை சொல்ல வேண்டிய சின்னவள் இல்லை இவள். கை ஒரு பக்கம் காலை நேராக்கிக் கட்டியது, வாய் ஒரு பக்கம் அவரோடு பேசியது.

“என் செருப்பு ஒண்ணு காணோம்மா,” என்றார் பெயின்டர்.

“வாங்கிக்கலாம்ண்ணே. இப்ப நடந்தா போகப் போறீங்க? மூச்சு இழுத்து விடுங்க.”

ஸ்ட்ரெச்சர் ஏறியதும் கதவு படக்கென்று மூடிக்கொண்டது. பொறுமை வண்டியைக் கிளப்பும் முன் கையை நீட்டி ஒரு குமிழைத் திருகினார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சின்னவள் கத்தரிக்கோலால் ஈரச் சட்டையை வெட்டி எடுத்தாள், துண்டால் நெஞ்சையும் முதுகையும் ஒற்றினாள், இருக்கைக்கு அடியிலிருந்து பருத்திப் போர்வை ஒன்றை உருவிக் கழுத்து வரை போர்த்தினாள். சிவப்புப் பூப் போட்ட போர்வை.

போர்வை அக்கா அந்தப் பூக்களைப் பார்த்தாள். ஓரத்தில் அவள் கையாலேயே போட்ட தையல் இருந்தது. அவள் வீட்டுப் போர்வை அது.

வாயைத் திறக்கவில்லை. மூட்டை அல்லவா. ஆனால் கொஞ்ச நேரத்தில் மூட்டைக்கு வேர்த்துக் கொட்ட ஆரம்பித்தது. முதுகில் சேலை ஒட்டிக்கொண்டது. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவளின் மூக்கு நுனியில் வேர்வை துளித்து நின்றது. அதைத் தோளில் துடைத்துக்கொண்டே, இத்தனை நேரம் தன் கோட்டுக்குள் அணைத்து வைத்திருந்த சலைன் பையை எடுத்து மாட்டினாள். முன்னால் பொறுமை, “பொறுமை, பொறுமை” என்று ஒரு லாரிக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தார். வேர்வையில் அவர் சட்டையும் நனைந்திருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் பெயின்டரின் காதில் தெர்மாமீட்டர் வைத்தார்கள். நல்ல சூடு. மேலே சூடேற்ற வேண்டிய அவசியமே இல்லாத சூடு. ஆபரேஷன் அறையில் ஆட்கள் தயாராக இருந்தார்கள். உள்ளே போகும்போதும் அவர் செருப்பைப் பற்றித்தான் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்.

அவசரப் பிரிவுக்குப் பின்னால் மூன்று படிகள் உண்டு. வண்டிக்காரர்கள் மூச்சு வாங்க உட்காரும் இடம். அண்ணியும் நாத்தனாரும் அங்கே உட்கார்ந்தார்கள்.

“இது போர்வை இல்லாத மாசம்,” என்றாள் அண்ணி.

“ஆமா. அதான் போடலையே. உங்க வெள்ளிப் போர்வைய விரலால தொடல. சீலப் பாத்துக்கோங்க.”

“அந்தச் சிவப்புப் பூ?”

“அது நம்ம வீட்டுது. அதப் பத்தி உங்க ரூல்ல ஒண்ணும் இல்லயே.”

“ஹீட்டர்?”

“வண்டியோட வந்தது.”

“முன்னெல்லாம் இப்படிப் போடுவீங்களா?”

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். “முன்னெல்லாம் ஏ.சி. போடுவோம். எங்களுக்கு வேர்க்கும்ல.”

அண்ணிக்குத் தலையில் யாரோ மெதுவாகத் தட்டியது போல் இருந்தது. “எல்லா வண்டிலயும் இப்படித்தானா?”

“பொறுமை அண்ணன் போய் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. அவருதானே தரையில படுத்தவரு. போர்வை இல்லாத மாசம் வந்தா எல்லாருக்கும் மனசு கேக்கல. பாவம், இந்த மாசம் அடிபட்டவன் என்ன தப்பு செஞ்சான்னு, இன்னும் கூடவே பண்ணோம். போர்வை இருக்கற மாசத்துலகூட இவ்வளவு பண்றதில்ல. அதான் போர்வை இருக்கேன்னு விட்டுருவோம்.”

அண்ணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று சின்னவள் குனிந்து பார்த்தாள். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. இரண்டும் வாசலில் வந்து ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றன.

“ஏண்டி, வழக்கம்போலன்னா வழக்கம்போல இல்லையா?”

“நீங்கதான அண்ணி, குளிர்ந்தா ரத்தம் உறையாதுன்னு சொல்லிக் கொடுத்தீங்க. தரையில படுக்கப் போட்டுச் சொல்லிக் கொடுத்தீங்க. சொல்லிட்டு, அடுத்த மாசம் மறந்துடுன்னா எப்படி மறக்கறது?”

மழை கொஞ்சம் வலுத்து, படியின் ஓரத்தை நனைத்தது.

“இப்ப என்ன ஆகும்?” சின்னவளின் குரல் இறங்கியிருந்தது. “எங்க மேல ரிப்போர்ட் போடுவீங்களா?”

“உண்மையச் சொல்லித்தான் ஆகணும். இல்லன்னா போர்வைல பலன் இல்லன்னு பொய்யா எழுதின மாதிரி ஆயிடும்.”

“சரி, சொல்லுங்க. அப்புறம்? மிச்ச மாசத்துக்கு ஹீட்டர அணைச்சுடணுமா? அணைச்சாத்தான் உங்க கணக்கு நேரா வரும்னா, நீங்க உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. அணைச்சுடறோம்.”

கிண்டலாகக் கேட்கவில்லை அவள். சொன்னால் அணைத்துவிடுவாள் என்று அண்ணிக்குத் தெரியும்.

மறுநாள் பெரிய டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“அப்ப நாம போர்வையையும் போர்வை இல்லாததையும் ஒப்பிடல. போர்வையையும் உங்க நாத்தனாரையும் ஒப்பிட்டிருக்கோம்.”

“ஆமா டாக்டர். ஆய்வு தொடங்கறதுக்கு முந்தின வருஷக் கணக்கையும் எடுத்துப் பாத்தேன். அப்ப வந்தவங்க இதைவிட நல்லாவே குளிர்ந்திருந்தாங்க. இப்ப ரெண்டு மாசத்து ஆளுங்களும் சூடாத்தான் வர்றாங்க.”

“முந்தின வருஷத்தோட ஒப்பிட்டு எதையும் அடிச்சுச் சொல்ல முடியாது. அந்த வருஷம் மழை எப்படி, அடி எப்படி, யாருக்குத் தெரியும்? நமக்குக் கேள்விக்குப் பதில் வேணும்னா ஒரே வழிதான். மிச்ச மாசத்துக்குப் பழையபடியே இருங்கன்னு கண்டிப்பாச் சொல்லணும். அவங்க ஒத்துக்கிட்ட விதிதானே? புதுசா ஒண்ணும் கேக்கல.”

நியாயமான பேச்சுத்தான். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். சரியான பதில் கிடைத்தால் பின்னால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள் என்றுதான் அவர் கணக்குப் போட்டார். அவளும் ராத்திரி முழுக்க அதே கணக்கைப் போட்டுப் பார்த்தவள்தான்.

“சொல்லலாம் டாக்டர். ஆனா அதச் சொல்றவங்க அவங்க முகத்தப் பாத்துச் சொல்லணும். நீங்களும் வாங்க.”

அவர் வந்தார். ஷிப்ட் மாறும் சமயம் பார்த்து நிலையத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். பெரிய டாக்டர் வருகிறார் என்றதும் நாற்காலி துடைத்துப் போட்டார்கள். அவர் உட்காரவில்லை.

“போர்வை இல்லாத மாசத்துல என்னெல்லாம் செய்யறீங்கன்னு சொல்லுங்க. திட்டறதுக்கு வரல.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறுமைதான் முதலில் வாயைத் திறந்தார். ஹீட்டர் என்றார். ஆள் ஏறியதும், வண்டியைக் கிளப்பும் முன்பே போட்டுவிடுவதாகச் சொன்னார். ஒருவர் ஈரத் துணியை வெட்டுவதைச் சொன்னார். இன்னொருவர் சலைனை மடியில் வைத்துக்கொள்வதைச் சொன்னார்.

“மடியிலயா?” என்றார் டாக்டர்.

“ஆமா சார். முட்டைய அடை காக்கற மாதிரி.”

“இவன் அடை காத்ததுல இன்னும் ஒண்ணும் பொரியல சார்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்து அடங்கியது.

டாக்டரும் சிரித்தார். பிறகு சொல்ல வந்ததைச் சொல்ல வாயெடுத்தார். பொறுமையின் முகத்தைப் பார்த்தார், சின்னவளின் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போர்வை அக்காவைப் பார்த்தார்.

“இது உங்க ஆய்வு. உங்க பேர்லதான் வெளிய போகும். நீங்களே சொல்லுங்க.”

எல்லாக் கண்களும் அவள் மேல் வந்து விழுந்தன. இரண்டு வருஷ உழைப்பு. அணைக்கச் சொன்னால் கேள்விக்குப் பதில் கிடைக்கும். சொல்லாவிட்டால் பதில் இல்லாத ஆய்வு ஒன்று அவள் பெயரில் கிடக்கும். பெயின்டர் வண்டிக்குள் மூச்சை இழுத்து விட்டது ஞாபகம் வந்தது. அவர் மாதிரி ஒருவர் அடுத்த வாரமும் எங்கேயோ ஈர மண்ணில் விழுவார்.

“ஹீட்டரை அணைக்க வேண்டாம்,” என்றாள் போர்வை அக்கா. “எதையும் நிறுத்த வேண்டாம். ஆய்வைத்தான் நிறுத்தப் போறோம்.”

யாரும் கை தட்டவில்லை. பொறுமை மெல்லத் தலையாட்டினார். டாக்டர் அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“குழுகிட்ட நான் பேசிக்கறேன்,” என்றார். “ஆனா ஒண்ணு. இதோட விட முடியாது. பக்கத்து மாவட்டத்துல இன்னும் யாருக்கும் நீங்க வகுப்பு எடுக்கல இல்லையா?”

“எடுக்கல.”

“எல்லா நிலையத்துக்கும் ஒரே நாள்ல போக உங்களால முடியாது. எப்படியும் ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்னதான் போகணும். எதுக்கு முதல்ல போகணும்னு சீட்டுக் குலுக்குவோம். போறதுக்கு முன்ன, போனதுக்கு அப்புறம்னு பாப்போம். போர்வை வேணாம். வகுப்பத்தான் சோதிக்கணும். யாரையும் தெரிஞ்சதை மறக்கச் சொல்ல வேண்டியதில்ல.”

அவள் அதை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். பின்னால் சீட்டு விழுகிற நிலையத்தில் அடிபடுகிறவர்கள் அதுவரைக்கும் குளிர்ந்துதான் வருவார்கள். அது உறுத்தியது. உறுத்தினாலும், தெரிந்ததை ஒளித்து வைப்பதற்கும் அது இன்னும் போய்ச் சேராததற்கும் வித்தியாசம் இருந்தது.

“வேகமாப் போகணும் டாக்டர். ரெண்டு பேரு சேந்து போனா இன்னும் வேகம்.”

“ரெண்டாவது ஆளு?”

“தரையில படுக்க நான் வர்றேன் சார்,” என்றார் பொறுமை.

அந்த வாரக் கடைசியில் அவள் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அறிக்கை எழுத உட்கார்ந்தாள். சின்னவள் ஷிப்ட் முடித்து வந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே பின்னால் நின்று படித்தாள்.

“‘போர்வை பயன் தருகிறதா என்பதை இந்த ஆய்வால் கூற இயலவில்லை.’ சரி. அடுத்தது என்ன? ‘ஊழியர்கள் ஆய்வு விதிகளை மீறியதே இதற்குக் காரணம்.’ அண்ணி.”

“என்ன?”

“நாங்க எந்த விதிய மீறினோம்?”

“அப்படித்தான் எழுதற வழக்கம்மா. தப்பா எடுத்துக்காத.”

“வழக்கம்போல வழக்கம்போலன்னு சொல்லித்தான் இந்தக் கதிக்கு வந்து நிக்கறோம். நீங்க அதையே திரும்ப எழுதறீங்க.”

அண்ணி விரலை அழிக்கும் விசையின் மேல் வைத்தாள். பிறகு அந்த வரியை அழித்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் பின்வாங்கி மறைந்தது. காலியான இடத்தில் புதிதாக எழுதினாள்: ‘ஆய்வு தொடங்கும் முன், உடல் குளிர்வதன் ஆபத்து ஊழியர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அவர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பின் போர்வை இல்லாத மாதங்களிலும் நோயாளிகளைச் சூடாக வைத்திருந்தார்கள். இதை எதிர்பார்க்கத் தவறியது ஆய்வாளரின் பிழை.’

சின்னவள் உதட்டை அசைத்து இரண்டு தடவை படித்தாள்.

“கடைசி வரி வேணுமா அண்ணி?”

“வேணும்.”

“யாராவது சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். சிரிச்சவன் அடுத்த ஆய்வுல இதச் செய்யமாட்டான்.”

சின்னவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “சரி, அடுத்த பத்தியப் படிங்க. எங்களப் பத்தி வேற எங்க எழுதியிருக்கீங்கன்னு பாக்கறேன்.”